ஐம்பது வரை

காக்காவோ கிராமத்திலிருந்து கூரூ கடற்கரைக்கு
நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர்.
மேடு வந்தால் என் வண்டிக்கு மூச்சு வாங்கும்,
மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்.
ராக்கெட் இரவு ஒன்பது இருபத்தொன்றுக்கு.
கயேன் சந்தையில் கடை விரிப்பது விடிகாலை நாலுக்கு.
நடுவில் எப்போது தூங்குவது என்பதை
காகிதத்தின் பின்பக்கம் எழுதி
அப்படியே விட்டுவிட்டேன்.

ஆசை என்னுடையதல்ல.
எங்கள் கொல்லையிலிருந்தே பார்த்திருக்கிறேன்,
காட்டுக்கு மேலே ஆரஞ்சாக ஒரு கீறல்.
கோழிகள்கூடத் தலை தூக்காது.

ஆசைப்பட்டவன் அண்ணன் சூ நெங்.
தாய்லாந்து அகதி முகாமில்
நான்கு வயதுக் காய்ச்சலோடு காது போனவன்.
ஏவுதள உணவகத்தில் தட்டு கழுவும் மதாம் ஃபெலிசிதே
பயத்தங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டே
அவனைப் பார்த்துத் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள்:
"கிட்டத்தில் நின்றால் இங்கே கேட்கும்."
அன்று மாலை
கொத்தமல்லிக் கட்டுகளை நனைத்துக்கொண்டிருந்தவன்
ஈரக் கையால் தன் நெஞ்சில் தட்டினான்.
பிறகு வண்டியைக் காட்டினான்.
எனக்கு நினைவு தெரிந்து
அவன் என்னிடம் கேட்ட இரண்டாவது பொருள்.
முதலாவது ஒரு மண்வெட்டி.

ஆகவே திட்டம்.
பக்கத்துத் தோட்டத்து தூவாவிடம் உபரி டயர்,
வாழையிலையில் பொதிந்த பசைச்சோறு,
தார்ப்பாய், கொசுவத்தி.
விற்காத ரம்புத்தானையும் ஏற்றினேன்.
வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் வாய் உண்டு.

செவ்வாய்க்கிழமை பாதி வழியில் ரேடியோ சொன்னது:
உயரத்தில் காற்று சரியில்லையாம்.
தரையில் ஓர் இலை அசையவில்லை.
காற்று என்று கையால் சொன்னேன்.
அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு
புளுகுகிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

வியாழன், ஏதோ ஒரு வால்வு.
அதற்கு எங்கள் சைகையில் சொல் இல்லை.
குழாயைத் திறந்து மூடிக் காட்டினேன்.
உடனே தலையாட்டினான்.
எங்கள் பாசனக் குழாயும் அப்படித்தான்,
நாலு பேர் வந்து நிற்கும் நாளாகப் பார்த்து அடைத்துக்கொள்ளும்.
ரம்புத்தான் கறுத்துவிட்டது.
பன்றிகளுக்குப் போட்டேன்.

மூன்றாம் முறை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினோம்.

கடற்கரையில் மடக்கு நாற்காலிகள்,
பிள்ளையைத் தோளில் ஏற்றிய பிரேசில்காரர்கள்,
ஒரே ரம் புட்டியை மாற்றி மாற்றிக் குடித்த சிப்பாய்கள்,
கோழி சுடும் புகை.
எதிரே தீவுகளில் விளக்கே இல்லை.
பதினொரு கிலோ விற்றேன்.
டீசல் காசு தேறிவிட்டது என்று நினைத்த நிமிடத்தில்
மழை.

எங்கோ குடைக்கு அடியில் ஒரு சிறுவன்
பிரெஞ்சில் பின்னோக்கி எண்ணினான்.
சுழியம் வந்தது.
மேகத்துக்குள் யாரோ விளக்கைப் போட்டு
அணைத்துவிட்டதுபோல
மூன்று நொடி.
அவ்வளவுதான்.
"இதற்கா?" என்றது ஒரு குரல்.
நாற்காலிகள் மடங்கத் தொடங்கின.

அண்ணன் வண்டியின் முன்மூடியில்
உள்ளங்கை இரண்டையும் பதித்து நின்றான்.
மழைக்காகவா, மதாம் சொல்லியா, தெரியாது.
வெளிச்சத்திலிருந்து ஐம்பது எண்ணு என்று
எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.
முப்பது.
நாற்பத்தொன்று.
நாற்பத்தேழில்
கடலுக்கு மேலே ஒரு பெரிய மூங்கில் புதர்
தீப்பிடித்து வெடிக்க ஆரம்பித்தது.
கண்ணாடி நடுங்கியது.
மூடிமேல் இருந்த ஒரு பழம் உருண்டு விழுந்தது.

அவன் சட்டென்று கையை எடுத்தான்.
என் பக்கம் திரும்பி
சாவி திருகுவதுபோல் விரலை முறுக்கிப்
புருவத்தை உயர்த்தினான்:
எதற்கு வண்டியைக் கிளப்பினாய்?

கையை விரித்துக் காட்டினேன்.
சாவி உள்ளங்கையில் கிடந்தது,
ரம்புத்தான் சாறு பிசுபிசுக்க.

சாவியைப் பார்த்தான்.
வண்டியைப் பார்த்தான்.
அவசரமில்லாமல், மறுபடி,
கைகளை வைத்தான்.